எண்ண முடியுமா, முடியாதா? ஆங்கிலப் பெயர்ச்சொற்களைக் கையாள ஒரு வழிகாட்டி

ஆங்கில இலக்கணம் கற்கத் தொடங்குபவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படுவது பெயர்ச்சொற்களின் ஐந்து வகைப் பட்டியல்தான். ஓர் ஆளையோ இடத்தையோ தனித்துச் சுட்டும் சிறப்புப் பெயர், ஓர் இனம் முழுமைக்கும் உரிய பொதுப்பெயர், கூட்டத்தைக் குறிக்கும் தொகுதிப் பெயர், பொன், நீர் போன்றவற்றைக் குறிக்கும் பொருட்பெயர், நேர்மை, அறிவு போன்றவற்றைக் குறிக்கும் பண்புப் பெயர் என அது அமையும். தமிழில் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகப் படித்தவர்களுக்கு இந்த ஐந்தும் பெரிய சுமையல்ல. ஆனால் பட்டியலைப் பிசகாமல் ஒப்பிப்பவர்களே கடிதம் எழுத உட்கார்ந்தால் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்றும் 'ஃபர்னிச்சர்ஸ்' என்றும் எழுதிவிடுகிறார்கள். ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது; வாக்கியத்துக்குள் அந்தச் சொல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்வதில்லை.

பிழை எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் வழியும் புலப்படும். தமிழில் 'மாடு வந்தது' என்றும் சொல்லலாம், 'மாடு வந்தன' என்றும் சொல்லலாம். பெயர் அப்படியே இருக்க, ஒன்றா பலவா என்பதை வினைமுற்றே காட்டிவிடும். நன்னூல் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. 'பத்து மரம் நட்டார்கள்' என்பதில் நமக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சலுகை இல்லை. அங்கே ஒரு பெயர்ச்சொல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், அது எண்ணத்தக்கதா, எண்ணத்தக்கதானால் ஒன்றா பலவா, கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததா தெரியாததா என்பதையெல்லாம் அந்தச் சொல்லின் வடிவத்திலும் அதன் முன்னால் நிற்கும் சிறு சொற்களிலும் காட்டியாக வேண்டும். ஆகவே ஐந்து வகைகளை மனப்பாடம் செய்வதைவிட, கீழே வரும் கேள்விகளை அதே வரிசையில் கேட்டுப் பழகுவது பயன் தரும் என்பது என் கருத்து.

முதல் படி: தனிப் பெயரா, பொதுப் பெயரா?

சொல் ஒரே ஓர் ஆளையோ, ஊரையோ, நிறுவனத்தையோ சுட்டினால் அது சிறப்புப் பெயர். அதன் முதல் எழுத்து வாக்கியத்தின் எந்த இடத்தில் வந்தாலும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாததால் இதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கிழமைகள், மாதங்கள், மொழிகள், நாட்டினரைக் குறிக்கும் சொற்கள் ஆகியவற்றுக்கும் பெரிய எழுத்து உண்டு. ஆனால் 'சம்மர்', 'விண்டர்' போன்ற பருவப் பெயர்களுக்குக் கிடையாது. பாடங்களில் 'ஃபிசிக்ஸ்', 'ஹிஸ்டரி' ஆகியவை சிறிய எழுத்தில் தொடங்கும். 'இங்கிலிஷ்' மொழியின் பெயர் என்பதால் பெரிய எழுத்தில் தொடங்கும். 'மை மதர்' என்று எழுதும்போது 'மதர்' பொதுப்பெயர். அதே சொல்லைப் பெயர்போல வைத்து அழைத்தால் அது பெரிய எழுத்துக்கு மாறிவிடும்.

சிறப்புப் பெயருக்கு முன்னால் பொதுவாக 'தி' வராது. ஜப்பான், லண்டன், மவுண்ட் எவரெஸ்ட், லேக் விக்டோரியா எல்லாம் தனித்தே நிற்கும். ஆனால் ஆறுகள், கடல்கள், மலைத்தொடர்கள், பாலைவனங்களுக்கு 'தி' வேண்டும்: 'தி நைல்', 'தி பசிபிக்', 'தி ஹிமாலயாஸ்', 'தி சஹாரா'. நாடுகளின் பெயரில் 'ஸ்டேட்ஸ்', 'கிங்டம்', 'ரிபப்ளிக்' போன்ற ஒரு பொதுப்பெயர் உள்ளே இருந்தாலோ, பெயரே பன்மை வடிவில் இருந்தாலோ 'தி' சேரும்: 'தி யுனைடெட் கிங்டம்', 'தி நெதர்லாந்ட்ஸ்', 'தி ஃபிலிப்பீன்ஸ்'. மலைத்தொடருக்கு உண்டு, ஒற்றைச் சிகரத்துக்கு இல்லை என்ற வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் தடுமாற்றம் வராது. 'தி ஹேக்' என்ற நகரைப் போல விதிக்கு அடங்காத சில பெயர்களை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் படி: எண்ணத்தக்க சொல்லா?

பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. ஆகையால் இந்தப் படியில் சற்று நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடலாம். உலகத்தில் எண்ண முடிகிற பொருளுக்கெல்லாம் எண்ணத்தக்க சொல் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பணத்தை நாள்தோறும் எண்ணுகிறோம். ஆயினும் 'மனி' ஆங்கிலத்தில் எண்ண முடியாத சொல். அரிசி மணியையும் பொறுமையிருந்தால் எண்ணிவிடலாம். ஆயினும் 'ரைஸ்' எண்ண முடியாதது, 'பீன்ஸ்' எண்ணத்தக்கது. ஆகவே பொருளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அந்தச் சொல்லை ஆங்கிலம் எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இதில் ஓரளவு கைகொடுக்கும் வழி ஒன்று உண்டு. ஒரு வகை முழுவதையும் மொத்தமாகக் குறிக்கும் சொல் பல நேரங்களில் எண்ண முடியாததாக இருக்கும். அந்த வகைக்குள் அடங்கும் தனிப் பொருளின் பெயர் எண்ணத்தக்கதாக இருக்கும். 'ஃபர்னிச்சர்' எண்ண முடியாதது, 'சேர்', 'டேபிள்' எண்ணத்தக்கவை. 'லக்கேஜ்' எண்ண முடியாதது, 'பேக்' எண்ணத்தக்கது. 'மெஷினரி', 'மெஷின்' இரண்டும் இப்படியே. 'ஜுவல்லரி'யும் 'ரிங்'கும், 'போயட்ரி'யும் 'போயம்'மும், 'டிராஃபிக்'கும் 'வெஹிக்கிள்'லும், 'ஒர்க்'கும் 'ஜாப்'பும் இதே உறவுடையவை. இந்த இணைகளைச் சேர்த்தே படித்துக்கொண்டால், 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதக் கை போகும்போதே அதற்குப் பதிலாக 'டூல்ஸ்' என்ற சொல் நினைவுக்கு வரும்.

இவற்றோடு 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'நியூஸ்', 'நாலெட்ஜ்', 'ஹோம்ஒர்க்', 'ரிசர்ச்', 'எவிடென்ஸ்', 'சாஃப்ட்வேர்', 'ஃபீட்பேக்', 'சீனரி' ஆகியவற்றையும் எண்ண முடியாத சொற்களாகவே கொள்ள வேண்டும். தமிழில் அறிவுரைகள், தகவல்கள், செய்திகள், ஆய்வுகள், சான்றுகள் என்றெல்லாம் தாராளமாகப் பன்மையாக்குவதால், ஆங்கிலத்திலும் அதே பழக்கம் தொடர்ந்துவிடுகிறது.

ஒரு சொல் எண்ண முடியாதது என்று தெரிந்தவுடன் வாக்கியத்தில் பல மாற்றங்கள் சேர்ந்தே நிகழும். அதன் முன்னால் 'எ', 'ஆன்' வராது. இறுதியில் 'எஸ்' சேராது. அதற்குரிய வினை ஒருமையில் இருக்கும். 'மெனி', 'ஃபியூ' ஆகியவற்றுக்குப் பதிலாக 'மச்', 'லிட்டில்' வரும். 'சம்', 'எ லாட் ஆஃப்' இரண்டும் இரு பக்கத்துக்கும் பொதுவானவை என்பதால், ஐயம் வரும் இடத்தில் அவற்றைப் பயன்படுத்தித் தப்பித்துக்கொள்ளலாம். 'லிட்டில்', 'ஃபியூ' ஆகியவற்றுக்கு முன்னால் 'எ' இருப்பதும் இல்லாததும் பொருளையே மாற்றும். 'ஐ ஹாவ் எ லிட்டில் மனி' என்றால் கொஞ்சம் பணம் இருக்கிறது, சமாளிக்கலாம் என்று பொருள். 'ஐ ஹாவ் லிட்டில் மனி' என்றால் இல்லாத குறை. ஒரே ஓர் எழுத்து இவ்வளவு வேலை செய்கிறது.

எண்ண முடியாத ஒன்றை எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் இடையில் ஓர் அளவுச் சொல்லை நுழைக்க வேண்டும். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்', 'ஆன் ஐட்டம் ஆஃப் நியூஸ்', 'எ லோஃப் ஆஃப் பிரெட்', 'த்ரீ ஷீட்ஸ் ஆஃப் பேப்பர்', 'எ பார் ஆஃப் சோப்' என்று எழுதும்போது பன்மை விகுதி அளவுச் சொல்லோடு சேருமே தவிர, பின்னால் வரும் பெயரோடு சேராது. எதற்கு எந்த அளவுச் சொல் என்று தெரியாவிட்டால், கருத்துப் பொருள்களுக்குப் பெரும்பாலும் 'பீஸ்' போதும்.

இரு பக்கமும் நிற்கும் சொற்கள்தான் கற்பவரை அதிகம் குழப்புகின்றன. 'பேப்பர்' எழுதும் தாளின் பொருளாக இருந்தால் எண்ண முடியாதது. செய்தித்தாள், வினாத்தாள், ஆய்வுக் கட்டுரை என்றால் எண்ணத்தக்கது. 'க்ளாஸ்' கண்ணாடி என்ற பொருளில் எண்ண முடியாதது, குவளை என்ற பொருளில் எண்ணத்தக்கது. 'டைம்' காலமாக இருக்கும்போது எண்ண முடியாதது, 'த்ரீ டைம்ஸ்' என்று தடவையைக் குறிக்கும்போது எண்ணத்தக்கது. 'எக்ஸ்பீரியன்ஸ்' வேலையில் சேர்த்த பட்டறிவு என்றால் எண்ண முடியாதது. நிகழ்ந்த ஒரு சம்பவம் என்றால் எண்ணத்தக்கது. ஆகவே வேலைக்கான விண்ணப்பத்தில் ஐந்து ஆண்டு அனுபவத்தைப் பற்றி 'ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்றுதான் எழுத வேண்டும். 'ஒர்க்' வேலை என்ற பொருளில் பன்மை ஏற்காது. 'ஒர்க்ஸ்' என்றால் ஒருவரின் படைப்புகள் அல்லது ஆலை என்று பொருள் திரிந்துவிடும். 'ஐ ஹாவ் மெனி ஒர்க்ஸ் டுடே' என்று சொல்பவர், தாம் அறியாமலேயே வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பொருட்பெயர்களில் இந்த மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வரம்பில்லாத பொருளாகப் பார்த்தால் எண்ண முடியாதது. வகைகளாகவோ, ஒரு முறை பரிமாறும் அளவாகவோ பார்த்தால் எண்ணத்தக்கது. அதனால்தான் உணவகத்தில் 'டூ காஃபீஸ், ப்ளீஸ்' என்று கேட்பதில் பிழை இல்லை. பண்புப் பெயர்களிலும் ஒரு சிறு விலக்கு உண்டு: 'நாலெட்ஜ்' பன்மை ஏற்காது என்றாலும், முன்னால் அடைமொழி வந்தால் 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் ஃப்ரென்ச்' என்று 'எ' சேர்த்துச் சொல்வது முற்றிலும் சரியான ஆங்கிலம்.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஆங்கிலம் கற்போருக்கென்று தொகுக்கப்பட்ட அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்கு அருகே 'சி' என்ற எழுத்து இருந்தால் எண்ணத்தக்கது, 'யூ' என்ற எழுத்து இருந்தால் எண்ண முடியாதது என்று பொருள். இரண்டும் இருந்தால் பொருளுக்கேற்ப மாறும். பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடாமல் இந்த எழுத்தையும் பார்ப்பது, எந்த இலக்கண நூலையும்விட விரைவாகப் பலன் தரும்.

மூன்றாம் படி: ஒருமையானால் தனித்து விடலாகாது

எண்ணத்தக்க பெயர்ச்சொல் ஒருமையில் வந்தால் அதன் முன்னால் ஏதேனும் ஒரு துணைச்சொல் இருந்தே தீர வேண்டும்: 'எ', 'ஆன்', 'தி', 'மை', 'திஸ்', 'எவ்ரி', 'ஒன்' என எதுவாகவும் இருக்கலாம். 'ஐ பாட் புக்' என்பது பிழை. 'ஐ பாட் எ புக்' என்பது சரி. தொழிலைச் சொல்லும்போதும் இதே விதிதான்: 'ஐ ஆம் டாக்டர்' அல்ல, 'ஐ ஆம் எ டாக்டர்'.

'எ', 'ஆன்' இரண்டில் எது என்பதை எழுத்தைப் பார்த்தல்ல, ஒலியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். 'ஹவர்', 'ஹானஸ்ட்' ஆகியவற்றில் எழுதப்படும் 'ஹெச்' ஒலிக்காது என்பதால் 'ஆன்' வரும். 'யுனிவர்சிட்டி', 'யூரோப்பியன்' ஆகியவை 'ய்' என்ற மெய்யொலியோடு தொடங்குவதால் 'எ' வரும். சுருக்கெழுத்துகளுக்கும் இதுவே: 'ஆன் எம்பிஏ', 'எ யுஎஸ்பி'.

'தி' வருமா என்பதற்கு ஒரே கேள்வி போதும்: நான் எதைச் சொல்கிறேன் என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'தி'. முதன்முறை குறிப்பிடும்போது 'எ', மறுமுறை 'தி' என்று பள்ளியில் சொல்லித்தருவது இதன் ஒரு பகுதிதான். முதன்முறையே தெரிந்திருந்தால் முதன்முறையே 'தி' வரும். 'க்ளோஸ் தி டோர்' என்று சொல்லும்போது எந்தக் கதவு என்று இருவருக்கும் தெரியும். பொதுக் கருத்தைச் சொல்லும்போது எண்ண முடியாத சொல்லுக்கும் பன்மைக்கும் 'தி' சேர்ப்பதில்லை. 'லைஃப் இஸ் ஷார்ட்' என்பதில் வாழ்க்கை பொதுவானது. 'தி லைஃப் ஆஃப் எ சோல்ஜர்' என்பதில் அது வரையறுக்கப்பட்டது. 'கோ டு ஸ்கூல்', 'பை பஸ்', 'இன் பெட்', 'அட் ஹோம்' போன்ற தொடர்களில் ஒருமைச் சொல் துணையின்றி நிற்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். அவை மரபாக உறைந்துவிட்டவை. மாணவர் படிக்கச் செல்வது 'டு ஸ்கூல்'. பெற்றோர் கட்டணம் கட்டச் செல்வது 'டு தி ஸ்கூல்'.

நான்காம் படி: பன்மையும் அதன் ஏமாற்றுகளும்

'எஸ்', 'ஈஎஸ்' சேர்ப்பதைப் பற்றிய எழுத்துக்கூட்டல் விதிகளைப் பாடநூல்கள் நன்றாகவே தருகின்றன. வடிவம் மாறும் பன்மைகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிடலாம்: 'வுமன்' என்பதன் பன்மையை 'விமின்' என்று ஒலிக்க வேண்டும், எழுத்தில் இரண்டாம் அசைதான் மாறுகிறது, ஒலியில் முதல் அசையும் மாறுகிறது. 'ஷீப்', 'டியர்' போன்ற விலங்குப் பெயர்களும், 'ஏர்க்ராஃப்ட்', 'சீரிஸ்', 'ஸ்பீஷீஸ்' ஆகியவையும் ஒருமையிலும் பன்மையிலும் ஒரே வடிவம் உடையவை. தமிழ்ப் பழக்கம் நமக்குச் சாதகமாக அமையும் அரிய இடம் இது.

பார்வைக்கு ஒன்றாகவும் நடத்தையில் வேறாகவும் இருக்கும் சொற்களில்தான் கவனம் வேண்டும். 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்', 'எகனாமிக்ஸ்', 'மீசில்ஸ்' ஆகியவை 'எஸ்' எழுத்தில் முடிந்தாலும் ஒருமை: 'தி நியூஸ் இஸ் குட்'. இதற்கு நேர்மாறாக, 'பீப்பிள்', 'போலீஸ்', 'கேட்டில்' ஆகியவை 'எஸ்' இல்லாமலேயே பன்மை: 'தி போலீஸ் ஆர் ஹியர்'. ஒரு காவலரை மட்டும் குறிக்க 'எ போலீஸ்' என்று சொல்ல முடியாது. 'எ போலீஸ் ஆஃபீசர்' என்றே சொல்ல வேண்டும். 'சிசர்ஸ்', 'டிரவுசர்ஸ்', 'க்ளாசஸ்' என்ற மூக்குக்கண்ணாடி ஆகியவை இரு பகுதிகள் இணைந்த பொருள்கள் என்பதால் எப்போதும் பன்மை. ஒன்றைக் குறிக்க 'எ பேர் ஆஃப் சிசர்ஸ்' என்பார்கள். 'கிரைட்டீரியா', 'ஃபினாமினா' இரண்டும் பன்மை. அவற்றின் ஒருமை 'கிரைட்டீரியன்', 'ஃபினாமினன்'. 'டேட்டா' மட்டும் அன்றாட எழுத்தில் ஒருமையாகவும், அறிவியல் எழுத்தில் பலரிடம் பன்மையாகவும் வழங்குகிறது. எதைத் தேர்ந்தாலும் கட்டுரை முழுவதும் அதையே பின்பற்றினால் போதும்.

எண்களோடு வரும் சொற்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திட்டமான எண் முன்னால் இருந்தால் 'டூ ஹண்ட்ரட் பீப்பிள்', 'த்ரீ டஜன் எக்ஸ்' என்று அளவுச் சொல் மாறாது. திட்டமில்லாமல் சொன்னால் 'ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள்' ஆகும். 'எவ்ரி', 'ஈச்' ஆகியவற்றுக்குப் பின் ஒருமைதான் வரும். 'ஒன் ஆஃப்' என்பதற்குப் பின் பெயர் பன்மையிலும், வினை ஒருமையிலும் வரும்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ டீச்சர்'. நண்பர்கள் பலர், அவருள் ஒருவர் ஆசிரியர் என்று பொருளைப் பிரித்துப் பார்த்தால் இதில் குழப்பமே இல்லை. இருந்தும் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பதுதான் நம்மிடையே அதிகம் காதில் விழுகிறது.

ஐந்தாம் படி: கூட்டம் ஒன்றா, பலரா?

'டீம்', 'ஃபேமிலி', 'கமிட்டி', 'கவர்ன்மென்ட்' ஆகியவற்றை அமெரிக்க ஆங்கிலம் பெரும்பாலும் ஒருமையாகவே கொள்ளும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், ஒரே அமைப்பாக நினைத்தால் ஒருமை வினையும், உள்ளிருக்கும் ஆட்களாக நினைத்தால் பன்மை வினையும் வரலாம். கிரிக்கெட் வர்ணனையில் நாட்டின் பெயருக்குப் பின் 'ஆர்' வருவது இதனால்தான். தொடக்கநிலையில் ஒருமையைப் பின்பற்றுவது பாதுகாப்பானது. 'ஸ்டாஃப்' என்பது ஊழியர் குழு முழுவதையும் குறிக்கும் சொல் என்பதால் ஓர் ஊழியரை 'எ ஸ்டாஃப்' என்றும், ஒரே அலுவலகத்தின் ஊழியர் பலரை 'ஸ்டாஃப்ஸ்' என்றும் எழுதலாகாது. 'எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்' என்பது முறை.

ஆறாம் படி: பெயரோடு பெயர் சேரும்போது

இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வந்து ஒன்றை ஒன்று விளக்கும்போது முதற்பெயர் பொதுவாக ஒருமையில் நிற்கும். பல காலணிகள் விற்கும் கடையும் 'ஷூ ஷாப்' தான். 'எ டென்-மினிட் வாக்', 'எ டூ-ஹவர் மீட்டிங்' என்பவற்றில் எண் இருந்தும் பன்மை விகுதி இல்லை. 'சேவிங்ஸ் அக்கவுண்ட்' போன்றவை விலக்கு.

உடைமையைக் காட்ட ஆட்களுக்கும் விலங்குகளுக்கும் காலத்துக்கும் அப்பாஸ்ட்ரஃபி குறியோடு 'எஸ்' சேர்ப்பார்கள். உயிரற்ற பொருள்களுக்குப் பெரும்பாலும் 'ஆஃப்' வரும். ஒரு மாணவருடையது என்றால் குறி 'எஸ்' எழுத்துக்கு முன்னும், பல மாணவர்களுடையது என்றால் பின்னும் வரும். 'சில்ட்ரன்' போல 'எஸ்' இல்லாத பன்மைக்கு ஒருமையைப் போலவே குறியை முன்னால் இட வேண்டும். வெறும் பன்மையைக் காட்ட இந்தக் குறியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

எழுதியதைத் திருத்துதல்

எழுதும்போதே எல்லாக் கேள்விகளையும் கேட்டுக்கொண்டிருந்தால் எழுத்து நகராது. முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு பெயர்ச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு ஒவ்வொன்றாகச் சோதிப்பது நல்லது. விடுதி ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் இப்படி வருவதாகக் கொள்வோம்: 'ஐ நீட் சம் இன்ஃபர்மேஷன்ஸ் அபௌட் ஹாஸ்டல். ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் கேவ் மீ ஆன் அட்வைஸ். ஐ ஹாவ் மெனி லக்கேஜஸ்.'

'இன்ஃபர்மேஷன்' எண்ண முடியாதது. ஆகவே விகுதி நீங்கும், 'சம்' பொதுவானது என்பதால் நிற்கும். 'ஹாஸ்டல்' எண்ணத்தக்கது, ஒருமை, தனியாக நிற்கிறது; எந்த விடுதி என்று கடிதம் பெறுபவருக்குத் தெரியும் என்பதால் 'தி ஹாஸ்டல்' எனலாம், அவருடையதே என்பதால் 'யுவர் ஹாஸ்டல்' இன்னும் பொருந்தும். 'ஃப்ரெண்ட்' பன்மையாக வேண்டும். 'ஆன் அட்வைஸ்' என்பது 'சம் அட்வைஸ்' ஆகும். கடைசி வாக்கியத்தில் 'லக்கேஜஸ்' விகுதியை இழந்ததும் 'மெனி' பொருந்தாமல் போகிறது. அங்கே 'மச் லக்கேஜ்' என்று மாற்றினால் இலக்கணம் தப்பாது. ஆனால் 'மச்' வினாவிலும் எதிர்மறையிலும்தான் இயல்பாக ஒலிக்கும், உடன்பாட்டு வாக்கியத்தில் அது விறைப்பாகத் தெரியும். எனவே அந்த இடத்தில் 'ஐ ஹாவ் எ லாட் ஆஃப் லக்கேஜ்' என்றே எழுதுங்கள்.